'மாப்பிள்ளை லண்டன்ல செட்டில்டு!' - எந்த விசாவில் என்று கேட்டீர்களா?

"பையன் லண்டன்ல செட்டில் ஆகிட்டாப்ல. உங்க பொண்ணும் அங்கதானே படிக்குது... கல்யாணம் ஆனா அப்படியே விசாவை மாத்திக்கலாம். ஒரு பிரச்னையும் இல்ல."

தரகர் சொல்லும் இந்த ஒரு வரியிலேயே பல வீடுகளில் பாதி பொருத்தம் முடிந்துவிடுகிறது. அன்று இரவே மகளுக்கு வாட்ஸ்அப் கால் போகும். "அவருக்கு பி.ஆர் இருக்காம்மா, சிட்டிசனா, இல்ல வொர்க் விசாவா?" என்று மகள் கேட்பாள். "அதெல்லாம் எனக்கென்னடி தெரியும்... நல்ல வேலையாம், சொந்தமா கார் இருக்காம்" என்று அம்மா சொல்வார்.

அம்மாவுக்கு 'செட்டில்' என்றால் வேலை, வீடு, கார். பிரிட்டன் உள்துறைக்கு 'செட்டில்டு' என்றால் ஒரே அர்த்தம்தான்: அந்த நாட்டில் கால வரம்பு இல்லாமல் வாழும் உரிமை. நம்மவர்கள் பி.ஆர் என்று சொல்வது அதைத்தான். மாப்பிள்ளை எட்டு வருடமாக லண்டனில் இருக்கலாம், பெரிய ஐ.டி கம்பெனியில் வேலை பார்க்கலாம். பி.ஆர் வரவில்லை என்றால் சட்டத்தின் பார்வையில் அவர் செட்டில் ஆகவில்லை. பெண்ணுக்கு எந்த விசா கிடைக்கும், எத்தனை லட்சம் செலவாகும், நாளை ஒரு பிரச்னை என்றால் அவள் அங்கே இருக்க முடியுமா என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் தொங்குகிறது.

பெண் படித்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு மட்டுமல்ல... பையன் மாணவனாக இருந்து, பெண் அங்கே நர்ஸாகவோ குடியுரிமை பெற்றவராகவோ இருந்தாலும் விதிகள் இதேதான்.

எல்லாமே 'ஸ்பவுஸ் விசா' இல்லை!

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ஸ்பவுஸ் விசா என்றுதான் சொல்கிறோம். நடைமுறையில் அது இரண்டு வேறு விசாக்கள்.

மாப்பிள்ளை பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமகனாகவோ, பி.ஆர் பெற்றவராகவோ இருந்தால் பெண் விண்ணப்பிக்க வேண்டியது குடும்ப விசா. அகதி அந்தஸ்து பெற்றவர்களின் துணைக்கும் இதே வழிதான். பிரிட்டனில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களில் சம்பந்தம் செய்பவர்களுக்கு இது உதவும். உண்மையான ஸ்பவுஸ் விசா இதுதான்.

மாப்பிள்ளை 'ஸ்கில்டு வொர்க்கர்' என்ற வேலை விசாவில் இருந்தால் பெண்ணுக்குக் கிடைப்பது டிபென்டன்ட் விசா. இதற்கு விதிகள் வேறு, கட்டணம் வேறு. குடும்ப விசாவுக்கு இருக்கும் வருமான வரம்பு இதற்கு இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால், அவருடைய விசா எந்தத் தேதியில் முடிகிறதோ அதோடு இவளுடையதும் முடியும். அவருக்கு வேலை போனால் இரண்டு பேருமே பெட்டியைக் கட்ட வேண்டிய நிலை வரலாம்.

வேலை விசாவிலும் எல்லோராலும் துணையைச் சேர்க்க முடியாது. முதியோரைப் பராமரிக்கும் கேர் வொர்க்கர் வேலை விசாவை 2024 மார்ச் 11-க்குப் பிறகு வாங்கியவர்களால் மனைவியையோ கணவனையோ டிபென்டன்டாகச் சேர்க்க முடியாது. பட்டப்படிப்புத் தகுதி தேவைப்படாத வேலைகளுக்குப் புதிதாக விசா வாங்குபவர்களுக்கும் 2025 ஜூலை 22 முதல் இதே கதைதான்.

அடுத்தது, தரகர்கள் சுத்தமாகச் சொல்லாத ரகம். மாப்பிள்ளை மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு இரண்டு வருட 'கிராஜுவேட்' விசாவில் இருக்கிறார் (நம் பிள்ளைகள் இன்னமும் பி.எஸ்.டபிள்யூ என்ற பழைய பெயரில்தான் சொல்வார்கள்). இந்த விசாவில் இருப்பவர் புதிதாகக் கல்யாணம் செய்து மனைவியை டிபென்டன்டாகச் சேர்க்கவே முடியாது. மாணவர் விசாவில் இருந்தபோதே டிபென்டன்டாக இருந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. அவரே இன்னும் மாஸ்டர்ஸ் மாணவர் என்றாலும் வழியில்லை. 2024 ஜனவரி 1 முதல் பி.ஹெச்டி போன்ற ஆராய்ச்சிப் படிப்பு மாணவர்களுக்கும், அரசு உதவித்தொகையில் படிக்கும் சிலருக்கும்தான் குடும்பத்தைச் சேர்க்கும் அனுமதி.

ஆக, 'லண்டன்ல செட்டில்டு' மாப்பிள்ளை, பெண்ணுக்கு எந்த விசாவும் வாங்கித் தர முடியாதவராகவும் இருக்கலாம். அதில் தவறொன்றும் இல்லை, தெரிந்து செய்தால்.

இனி பேசப்போவது முதல் வகையைப் பற்றி: மாப்பிள்ளை குடிமகன் அல்லது பி.ஆர், பெண் மாணவர் விசாவில் அங்கேயே இருக்கிறாள்.

ஊருக்குத் திரும்ப வேண்டுமா?

வேண்டாம். மாணவர் விசா கையில் இருக்கும்போதே பிரிட்டனுக்குள் இருந்தபடி ஸ்பவுஸ் விசாவுக்கு மாறிக்கொள்ளலாம். படிப்பு முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேலை விசாவுக்கு மாறுவதற்குத்தான் படிப்பு முடிந்திருக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் விதி வந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'முடியாது' என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. சுற்றுலா விசாவில் போனவர்களுக்குத்தான் உள்ளே இருந்தபடி ஸ்பவுஸ் விசாவுக்கு மாற வழியில்லை.

உள்ளே இருந்து விண்ணப்பிப்பதில் பண லாபமும் இருக்கிறது. 2025 ஏப்ரல் கட்டணப்படி, உள்ளிருந்து விண்ணப்பித்தால் 1,321 பவுண்ட். சென்னையில் இருந்து விண்ணப்பித்தால் 1,938. இதோடு மருத்துவ சர்சார்ஜ், அதாவது அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்ஸுக்கு முன்கூட்டியே கட்டும் பணம். ஆண்டுக்கு 1,035 பவுண்ட். மாணவராக இருந்தபோது ஆண்டுக்கு 776 கட்டியிருப்பாள். இப்போது முழுக் கட்டணம்.

உள்ளிருந்து மாறினால் விசா இரண்டரை வருடத்துக்குக் கிடைக்கும். அதற்கு சர்சார்ஜ் மட்டும் 2,587 பவுண்ட் 50 பென்ஸ். விசாக் கட்டணத்தையும் சேர்த்தால் 3,908 பவுண்ட் 50 பென்ஸ். பவுண்ட் ஒன்றுக்குத் தோராயமாக 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே நாலரை லட்சம்.

அதோடு முடியவில்லை. இரண்டரை வருடம் கழித்து நீட்டிக்க மறுபடியும் அதே தொகை. ஐந்தாவது வருட முடிவில் பி.ஆருக்கு விண்ணப்பிக்க 3,029 பவுண்ட். 2025 ஏப்ரல் கட்டணத்திலேயே மொத்தம் பத்தாயிரத்து எண்ணூறு பவுண்டைத் தாண்டுகிறது, சுமார் 12 லட்சம் ரூபாய். கட்டணங்கள் அடிக்கடி ஏறும், இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. கல்யாண பட்ஜெட்டில் மண்டபம், கேட்டரிங், நகை என்று எழுதும் நோட்டில் இதற்கும் ஒரு வரி வேண்டும். யார் கட்டுவது என்பதையும் முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. பின்னால் இதை வைத்து வரும் மனஸ்தாபம் சின்னதாக இருப்பதில்லை.

மாணவியாக அங்கே வாழ்ந்த ஒன்றிரண்டு வருடங்கள் இந்த ஐந்து வருடக் கணக்கில் சேராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பவுஸ் விசா கிடைத்த பிறகுதான் மீட்டர் ஓடத் தொடங்கும். மற்ற பல விசாக்காரர்களுக்கு பி.ஆருக்கான காத்திருப்பைப் பத்து வருடமாக்கப் போவதாக பிரிட்டன் அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் சொன்னது. பிரிட்டிஷ் குடிமக்களின் துணைக்கு ஐந்து வருடமே தொடரும் என்றும் அதே அறிக்கை சொன்னது.

29,000 என்ற மந்திர எண்

ஸ்பவுஸ் விசா நிராகரிப்பு பற்றிப் பேசினால் முதலில் வருவது காதல் இல்லை, சம்பளம்.

2012 முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டாக இருந்த குறைந்தபட்ச வருமான வரம்பு, 2024 ஏப்ரல் 11 அன்று ஒரேயடியாக 29,000 ஆனது. இதை 38,700 வரை ஏற்றுவதாக அப்போதைய அரசு அறிவித்திருந்தது. ஆட்சி மாறியதும் அந்த ஏற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது.

29,000 பெரிய தொகையா? லண்டனில் ஐ.டி வேலையில் இருப்பவருக்கு இல்லை. ஆனால் சூப்பர் மார்க்கெட்டிலோ வேர்ஹவுஸிலோ வேலை பார்ப்பவருக்குப் பெரிய தொகைதான். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. வாரம் 40 மணி நேரம், வருடம் முழுக்க ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தாலும் 25,397 பவுண்ட்தான் வரும். வரம்பைத் தொட இன்னும் 3,600 பவுண்ட் வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர், முழு நேரம் உழைத்தும், தன் மனைவியைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போதுமான சம்பளம் வாங்கவில்லை என்று அவருடைய அரசே சொல்கிறது. இந்த வரம்பின் மீது அங்கே இவ்வளவு கோபம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் மாணவர் விசாவில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு சாதகம். வெளிநாட்டில் இருந்து விண்ணப்பித்தால் கணவரின் சம்பளம் மட்டுமே கணக்கு. அங்கேயே இருந்து, வேலை செய்யும் அனுமதியோடு சம்பாதித்துக்கொண்டிருந்தால் அவளுடைய சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே குறைந்தபட்சக் கூலியில் வாரம் 15 மணி நேரம் பார்த்தாலே வருடத்துக்கு 9,500 பவுண்ட் வரும். இருவருடையதும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும்.

ஒரே கம்பெனியில் ஆறு மாதமாவது வேலை பார்த்திருந்தால் அந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அந்தப் பணம் வந்து விழுந்த வங்கி ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். வேலை மாறி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் கடந்த 12 மாதக் கணக்கைக் கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் 'நல்ல வேலை கிடைத்தது' என்று மாப்பிள்ளை கம்பெனி மாறுவது வீட்டில் இனிப்பு கொடுக்க வேண்டிய செய்திதான். விசா கணக்கில் அது ஆறு மாதத் தாமதமாகவும் மாறலாம்.

சம்பளமே இல்லை, சேமிப்பை மட்டும் காட்டலாமா? காட்டலாம். ஆறு மாதமாகக் கணக்கில் இருக்கும் 88,500 பவுண்ட் வேண்டும். நம் பணத்தில் ஒரு கோடிக்கு மேல். பெற்றோர் அன்பளிப்பாகக் கொடுத்ததாக இருக்கலாம், கடனாக இருக்கக் கூடாது.

சம்பளச் சீட்டு சொல்லும் இன்னொரு கதை

பெண்ணுடைய சம்பளத்தைச் சேர்க்கலாம் என்று சந்தோஷப்படும் முன் அந்தச் சம்பளச் சீட்டை ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டப்படிப்பு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. சராசரி இருபது இல்லை, எந்த ஒரு வாரத்திலும் இருபது. "போன வாரம் 12 மணி நேரம்தான் பார்த்தேன், இந்த வாரம் 28" என்பது விதிமீறல்.

மாஸ்டர்ஸ் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது கோடையில். ஜூன் முதல் செப்டம்பர் வரை வகுப்பு இருக்காது, ஆய்வறிக்கை எழுதும் காலம். இளங்கலைத் தோழிக்கு அது விடுமுறை, முழு நேரம் வேலை பார்க்கலாம். மாஸ்டர்ஸ் மாணவிக்கு அதுவும் பெரும்பாலும் படிப்புக் காலம்தான். பல்கலைக்கழகத்தின் கால அட்டவணையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் செல்லும். 'லீவுதானே' என்று ஜூலையில் 40 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, அதே சம்பளச் சீட்டை விசா விண்ணப்பத்தோடு இணைத்தால், தன் மீறலுக்குத் தானே சாட்சி கொடுத்தது போல ஆகிவிடும். உணவு டெலிவரி போன்ற சுயதொழிலுக்கு மாணவர் விசாவில் அனுமதியே இல்லை. அடுத்தவர் பெயரில் இருக்கும் டெலிவரி கணக்கில் ஓடியவர்கள் அதை வருமானமாகக் காட்ட நினைக்கவே வேண்டாம்.

ஸ்பவுஸ் விசா வந்துவிட்டால் இந்த மணி நேரக் கணக்கு எதுவும் கிடையாது. எத்தனை மணி நேரமும் பார்க்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். ஆனால் அது முடிவு கைக்கு வந்த பிறகு. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் பழைய மாணவர் விசா நிபந்தனைகளே தொடரும்.

தாலி எங்கே கட்டுகிறீர்கள்?

கோயிலில், ஐயர் வைத்து, நூறு பேர் சாட்சியாகத் தாலி கட்டினாலும் பிரிட்டன் சட்டத்துக்கு அது மட்டும் போதாது. அங்கே நடக்கும் சமயத் திருமணம் செல்ல வேண்டுமென்றால் அந்தக் கோயில் திருமணத்துக்குப் பதிவு பெற்ற இடமாக இருக்க வேண்டும், பதிவாளரோ அதிகாரம் பெற்றவரோ உடனிருக்க வேண்டும். இல்லையென்றால் தனியாகப் பதிவு அலுவலகத்தில் சட்டப்படி திருமணம் செய்ய வேண்டும். கோயில் கல்யாணத்தோடு நிறுத்தியவர்கள், விசா படிவத்தில் 'திருமணமாகாத துணை' என்ற கட்டத்துக்குள் போய்விடுவார்கள். அதற்கு இரண்டு வருட உறவை நிரூபிக்க வேண்டும். கழுத்தில் தாலியோடு இருக்கும் பெண்ணுக்கு இதைவிடச் சங்கடம் வேறென்ன?

பதிவு அலுவலகத்திலும் இன்று சொல்லி நாளை நடக்காது. வெளிநாட்டவர் என்றால் இருவரும் நேரில் போய் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், 28 நாள் காத்திருக்க வேண்டும். விசாவுக்காகச் செய்யும் போலித் திருமணமோ என்று உள்துறை விசாரிக்க விரும்பினால் அது 70 நாளாகும். மாணவர் விசா முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கல்யாணம் என்றால் வேறு வேலை. 2009-ம் ஆண்டு சட்டப்படி தமிழகத்தில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. இரண்டு வார லீவில் வந்து கல்யாணம் முடித்து, மறுவீடு, குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று சுற்றிவிட்டு, பதிவு செய்யாமலே விமானம் ஏறிவிடுவதுதான் வழக்கமான தவறு. விருந்தில் ஒன்றைக் குறைத்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய இனிஷியல் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், திருமணச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக நிற்கும், வங்கிக் கணக்கில் முன்னால் இருப்பது பின்னால் போயிருக்கும். மூன்று பேரும் ஒரே பெண்தான் என்று நமக்குத் தெரியும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போதே பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதினால் பாதி வேலை மிச்சம்.

பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம் என்பது அங்கே ஒரு தடை இல்லை. இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், உறவு உண்மையானதாக இருக்க வேண்டும், சேர்ந்து வாழும் எண்ணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாண போட்டோ, போன் பேசிய பதிவுகள், இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு வந்த வங்கிக் கடிதங்கள் போன்றவை சாட்சியாகும். ஈஸ்ட் ஹாமில் நான்கு பேரோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தாலும், தம்பதிக்கென்று தனியறை இருந்து வீடு நெருக்கடியாக இல்லாவிட்டால் பிரச்னையில்லை. ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை என்பது மாணவிகளுக்கு இன்னொரு நிம்மதி. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டால் அதுவே போதும்.

இடையில் ஊருக்கு வரக் கூடாது

மாணவர் விசா முடியும் தேதிக்கு முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு தாமதமானாலும் அதுவரை சட்டப்படி அங்கே இருக்கலாம். வழக்கமாக எட்டு வாரத்தில் முடிவு வரும் என்கிறது அரசு. ஆனால் அதற்கு இடையில் பிரிட்டனை விட்டு வெளியே வந்தால் விண்ணப்பம் வாபஸ் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். ஊரில் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பிக்கு நிச்சயதார்த்தம் என்று கூப்பிடும் முன் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'ரெண்டு நாள் வந்துட்டுப் போயேன்' என்பதன் விலை அந்த விண்ணப்பமாகவே இருக்கலாம்.

இன்னொன்று, ஸ்பவுஸ் விசாவுக்குப் போடத்தானே போகிறோம் என்று படிப்பைப் பாதியில் விட்டுவிடுவது. படிப்பை நிறுத்தியதும் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மாணவர் விசா சுருக்கப்படும். பெரும்பாலும் 60 நாள்தான் கொடுப்பார்கள். புது விசா கையில் வரும்வரை வகுப்புக்குப் போய்க்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு.

யாருடைய காலில் நிற்கும் விசா?

கட்டணம், சம்பளம், சான்றிதழ் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே மாறத்தான் வேண்டுமா?

மாணவர் விசா அவளுடைய பெயரில், அவளுடைய படிப்பில் நிற்கிறது. ஸ்பவுஸ் விசா கல்யாணத்தின் மீது நிற்கிறது. கல்யாணம் முறிந்தால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், விசாவும் சுருக்கப்படலாம். சந்தோஷமாக வாழப்போகும் பெண்ணிடம் இதைச் சொல்வது அபசகுனம் என்று வீட்டில் நினைக்கலாம். நகையை லாக்கரில் வைப்பதை யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லையே!

படிப்பை முடித்தவளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கிராஜுவேட் விசா. இரண்டு வருடம், எந்தக் கம்பெனியின் ஸ்பான்சரும் வேண்டாம், கணவரின் சம்பளக் கணக்கும் வேண்டாம். 2025 ஏப்ரல் கட்டணப்படி 880 பவுண்ட், சர்சார்ஜோடு சேர்த்து 2,950. (2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இது ஒன்றரை வருடமாகக் குறைகிறது. பி.ஹெச்டிகாரர்களுக்கு மட்டும் மூன்று வருடம்.) கல்யாணம் ஆனவர்களும் இதை வாங்கலாம். அதிலிருந்து பிறகு ஸ்பவுஸ் விசாவுக்கும் மாறலாம்.

ஆனால் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். கிராஜுவேட் விசா மாணவர் விசாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு மட்டுமே. முதலில் ஸ்பவுஸ் விசாவுக்கு மாறிவிட்டால், பிறகு 'அந்த இரண்டு வருடத்தைக் கொடுங்கள்' என்று கேட்க முடியாது. இருபது, முப்பது லட்சம் கடன் வாங்கிப் படித்த படிப்போடு சேர்ந்து வந்த உரிமை அது. ஒரு பெண் அதைத் தெரிந்தே விடுவது வேறு, யாரும் சொல்லாததால் விடுவது வேறு.

கிராஜுவேட் விசா வழியாகப் போனால் பி.ஆர் இரண்டு வருடம் தள்ளிப்போகும், மொத்தச் செலவும் கூடும். மாப்பிள்ளையைப் பல வருடமாகத் தெரியும், குழந்தை, வீடு என்று திட்டமெல்லாம் இருக்கிறது என்றால் நேராக ஸ்பவுஸ் விசாவே புத்திசாலித்தனம். இரண்டு வீடியோ கால், ஒரு பெண் பார்க்கும் படலம், மூன்று மாதத்தில் கல்யாணம் என்றால் அந்த இரண்டு வருடத்தின் மதிப்பு வேறு. கணவரின் சம்பளம் 29,000-ஐத் தொடாத வீட்டிலும் இந்த அவகாசம் கைகொடுக்கும். அதற்குள் அவளே முழு நேர வேலையில் சேர்ந்து, இருவர் சம்பளத்தையும் காட்டலாம்.

'விசாவை கேன்சல் பண்ணிடுவேன்'

வன்முறை செய்யும் கணவனின் வாயில் அடிக்கடி வரும் மிரட்டல் இது. விசாவை ரத்து செய்யும் அதிகாரம் கணவனுக்குக் கிடையாது. அதை உள்துறை மட்டுமே செய்ய முடியும்.

குடிமகன் அல்லது பி.ஆர் பெற்றவரின் துணையாக ஸ்பவுஸ் விசாவில் இருக்கும்போது குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால், ஐந்து வருடம் காத்திருக்காமல் நேரடியாக பி.ஆர் கேட்க விதி இருக்கிறது. கையில் காசில்லாமல் வெளியேறியவர்களுக்கு, அரசு உதவி பெறும் உரிமையோடு மூன்று மாத தற்காலிக அனுமதியும் உண்டு. வேலை விசாக்காரரின் டிபென்டன்டாக இருப்பவர்களுக்கும் 2024 முதல் அந்த மூன்று மாத அனுமதி கிடைக்கிறது. ஆனால் அவர்களுக்கு நேரடி பி.ஆர் வழி இல்லை. 'ஸ்பவுஸா, டிபென்டன்டா' என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பது இந்த இடத்தில்தான் உறைக்கும். பிரிட்டனின் தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247. 24 மணி நேரமும் இலவசம்.

விசா ஆலோசனை என்ற பெயரில் பணம் வாங்குபவர்களிடமும் கவனம் தேவை. பிரிட்டனில் பதிவு பெறாமல் குடியேற்ற ஆலோசனை வழங்குவது குற்றம். ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்புக்கு 2025 ஜனவரி முதல் 'இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி' என்று பெயர். ஒருவர் பெயர் அதன் பட்டியலில் இருக்கிறதா, அல்லது அவர் பதிவு பெற்ற வழக்கறிஞரா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே வெளிநாட்டு மாணவர்களுக்கான விசா ஆலோசகர்கள் இருப்பார்கள், அவர்களிடம் முதலில் கேட்கலாம். விதிகளும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கட்டும் அன்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

விசா மாறிவிட்டால் காலேஜ் ஃபீஸ் குறையும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்படிப் பெரும்பாலும் நடக்காது. உள்ளூர் மாணவர் கட்டணத்துக்கு பொதுவாக பி.ஆரும் மூன்று வருட வசிப்பும் கேட்பார்கள். புது விசாவோடு அடுத்த தவணைக்கும் அதே வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான்.

இப்போதெல்லாம் விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கரோ பிளாஸ்டிக் அட்டையோ இல்லை. இ-விசா. வேலைக்குச் சேர, வீடு வாடகைக்கு எடுக்க எல்லாவற்றுக்கும் ஆன்லைன் கணக்கில் நுழைந்துதான் அதைக் காட்ட வேண்டும். அந்தக் கணக்குக்கு ஒரு இமெயில் முகவரியும் ஒரு போன் நம்பரும் தேவை. கணவரே படிவத்தை நிரப்பும் வீடுகளில் அந்த இரண்டும் அவருடையதாகவே போய்விடுவது உண்டு. படிவத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பட்டும்... அந்த இடத்தில் போகவேண்டியது அவளுடைய இமெயிலும் அவளுடைய நம்பரும்.